எண்ணெய் வைத்த தலையோடு நீச்சலுக்கு

ஜேர்மனியில், கொலோன் நகரத்தில் எங்கள் பகுதி நீச்சல்குளத்தை முதல் நாளிலேயே எண்ணெய்ச் சட்டியாக்கிய பெருமை எனக்கு உண்டு. தனியாக இல்லை, பங்குக்கு எங்கள் மேல்வீட்டுக்காரியும் இருந்தாள். நான் யாழ்ப்பாணம், அவள் கானா. எங்கள் மகள்மார் இருவருக்கும் அப்போது ஐந்து வயது. ஒரே கிண்டர்கார்டன், ஒரே மாடிப்படி, ஓயாத கதை.

அன்று மத்தியானம் என் மகளின் தலையில் நல்லெண்ணெயை நன்றாகத் தப்பி, இறுக்கிப் பின்னிக் கூட்டிப்போனேன். எண்ணெய் இருந்தால் தண்ணீர் தலைக்குள் இறங்காது, சளி தடிமன் பிடிக்காது என்பது என் எண்ணம். குளத்தில் இறங்குமுன் ஷவரில் குளிக்கவேண்டும் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். குளித்தால் எண்ணெய் போய்விடுமே என்று பிள்ளையின் பாதங்களை மட்டும் நனைத்து அனுப்பினேன். மேல்வீட்டுக்காரியோ தன் மகளின் மெல்லிய பின்னல்கள் ஒவ்வொன்றிலும், கையிலும் காலிலும், அவர்கள் ஊரில் ஒரு மரத்தின் கொட்டையில் எடுக்கும் வெண்ணெயைப் பூசியிருந்தாள். குளோரின் தோலைக் காயவைக்கும் என்பது அவளுடைய எண்ணம். ஒருத்தி செய்தது மற்றவளுக்குத் தெரியாது.

பிள்ளைகள் இறங்கி ஐந்து நிமிடம் ஆகவில்லை, அவர்களைச் சுற்றித் தண்ணீர் மினுங்கத் தொடங்கியது. பயிற்சி ஆசிரியை விசில் ஊதினார். ஐம்பதைத் தாண்டிய, நெடுநெடுவென்று உயர்ந்த பெண்மணி. குனிந்து தண்ணீரை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். "இங்கே யார் சமைக்கிறது?" என்று கேட்டார்.

ஐயோ, அந்த வெட்கக்கேட்டை என்ன சொல்ல! மற்ற அம்மாமார் எல்லாரும் திரும்பிப் பார்க்க, நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பிள்ளையை இழுத்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினோம். ஷம்பூவைக் கொட்டித் தேய்க்கும்போதுதான் ஒருத்தி செய்த காரியம் மற்றவளின் மூக்குக்கு எட்டியது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை. ஏனென்றால் அவளை அந்தக் குளத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த கதை அவ்வளவு சிரிப்பானது அல்ல.

எல்லாம் அந்தக் கோடையில் ஓர் ஏரிக்கரையில் தொடங்கியது. நகரத்துக்கு வெளியே மண்ணும் கல்லும் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து ஏரியாகக் கிடக்கும். ஓரத்தில் கணுக்கால் அளவுதான் தெரியும். இரண்டு எட்டு வைத்தால் சரேலென்று இறங்கும். எங்கள் தமிழ்க் குடும்பங்கள் ஆறேழு சேர்ந்து இறைச்சி வாட்டப் போயிருந்தோம். ஆம்பிளைகள் அடுப்பைச் சுற்றி, நாங்கள் சட்டிகளைச் சுற்றி. என் மகள் கரையில் வாளியோடு குனிந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். அடுத்த தரம் நான் நிமிர்ந்து பார்த்தபோது வாளி மிதந்தது. பிள்ளையைக் காணவில்லை.

பதினைந்து பெரிய ஆட்கள் கரையில் நின்றோம். எல்லாரும் கத்தினோம். கத்தத் தெரிந்த எங்களில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. என் கணவர் காலில் போட்ட சப்பாத்தோடு இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் துழாவினார். இன்னொரு எட்டு வைத்தால் அவரும் போய்விடுவார் என்று இரண்டு பேர் அவரைப் பிடித்து இழுத்தார்கள். பக்கத்து விரிப்பில் படுத்திருந்த ஒரு வெள்ளைக்காரச் சிறுமி, பத்து வயதுகூட இராது, எழுந்து ஓடிவந்து பாய்ந்தாள். என் மகளின் சட்டையைப் பிடித்துத் தூக்கி, மல்லாத்தி, கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை இருமினாள், கக்கினாள், பிறகு வீரிட்டு அழுதாள். அதைவிட நல்ல சத்தத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. அந்தச் சிறுமி தலையை உதறிவிட்டு, பாதி தின்ற ஐஸ்கிறீமைத் தேடிப் போனாள்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் கணவர், "இஞ்சேரும், இனி அந்தப் பக்கமே போறேல்லை," என்றார்.

"ஏரிக்குப் போகாம விடலாம். இந்த ஊருக்கு நடுவால ரைன் ஆறு ஓடுது. அதை எங்க கொண்டுபோய் வைக்கப்போறியள்?" என்றேன்.

எனக்கு அவர்மேல் கோபம் இல்லை, எங்கள் ஆட்கள் எல்லார்மேலும் கோபம். தண்ணீர் ஆபத்து என்றால் பிள்ளையைத் தண்ணீரிலிருந்து தள்ளி வைப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். பள்ளிக்கூடத்தில் நீச்சல் வகுப்பு என்றால் பிள்ளைக்குத் தடிமன் என்று கடிதம் எழுதிக் கொடுப்போம். நாலு கடிதத்தில் பிள்ளை பெஞ்சில் உட்காரப் பழகிவிடும். நானே என் மூத்தவனுக்கு அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவனுக்கு இப்போது பதினைந்து வயது, இன்னமும் கழுத்தளவு தண்ணீரைக் கண்டால் பயம்.

நான் மகளை நீச்சலுக்குப் பதியப்போகிறேன் என்று கேள்விப்பட்டு என் கணவரின் அக்கா தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்.

"உமக்கென்ன விசரே? பொம்பிளைப் பிள்ளை, கறுத்துக் கரிச்சட்டியா வரப்போறாள்."

"உள்ளுக்க இருக்கிற குளம் மச்சாள். மேல கூரை போட்டிருக்கினம், வெயிலுக்கு உள்ள வர அனுமதி இல்லை," என்றேன்.

தொலைபேசியை வைத்ததும் பக்கத்தில் நின்ற என் மகள் கேட்டாள், "கறுத்தா என்னம்மா? மேல இருக்கிறவள் என்னைவிடக் கறுப்பு. அவள் வடிவுதானே?" எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. போன கோடைவரைக்கும் அதே கதையைச் சொல்லி அவளை நிழலில் உட்காரவைத்தவள் நான்தான். "ஓம், சரியான வடிவு," என்றேன்.

இங்கே சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மூன்று நாள் விடாமல் தொலைபேசி எடுத்து, நாலாம் நாள் குளத்து அலுவலகப் பெண் ஒருத்தி பிடிபட்டாள். இரண்டு இடம் இருக்கிறது, எத்தனை வேண்டும் என்றாள். இரண்டும் வேண்டும் என்றேன். மற்றப் பிள்ளையின் பெயர் என்ன என்றதும் மேல்வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நல்லதென்றால் கேட்காமல் செய்வதுதானே எங்கள் வழக்கம். கலியாண வீட்டில் போதும் போதும் என்று கை மறிக்கிறவரின் இலையில் இன்னொரு கரண்டி சோறு போடுகிற சனம் நாங்கள். விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொண்டு, பெரிய புண்ணியம் செய்தவள் மாதிரி மாடியேறினேன்.

நானும் அவளும் பேசுவது உடைந்த டொச், இந்த நாட்டு ஜேர்மன் மொழி. தமிழில் எழுதும்போது அது ஒழுங்காக வந்துவிடுகிறது, அவ்வளவுதான். படிவத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"என் பிள்ளையின் பெயரைக் கொடுக்க நீ யார்?" என்று கேட்டாள்.

"நல்லது செய்ய வந்தவள்," என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

"என் மகள் தண்ணீரில் இறங்கமாட்டாள்," என்று கதவைச் சாத்தினாள். நானும் சும்மா போகவில்லை. படிவத்தைக் கதவுக்கு அடியால் தள்ளிவிட்டு, போனால் போகட்டும் என்று தமிழில் நாலு சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

பத்து நாள் நாங்கள் படியில் கண்டாலும் பேசவில்லை. பதினோராம் நாள் அவளே என் கதவைத் தட்டினாள். கையில் அந்தப் படிவம், கையெழுத்து இல்லை. குசினிக்குள், அடுப்படி மேசையில் உட்கார்ந்து, தன் தொலைபேசியில் ஒரு பொடியனின் படத்தைக் காட்டினாள். அவளுடைய தம்பி. பத்தொன்பது வயது. இந்த நாட்டுக்கு வந்த முதல் கோடையில், வெக்கை தாங்காமல் நண்பர்களோடு அப்படி ஓர் ஏரிக்குப் போனான். திரும்பி வரவில்லை. அவள் வயிற்றில் அப்போது இந்தப் பிள்ளை ஏழு மாதம்.

கதவுக்கு வெளியே நின்று நான் சொன்ன நாலு சொல்லும் என்னையே திரும்பி வந்து குத்தின. ஆனாலும் என் வாய் சும்மா இருக்காதே.

"கரையில் எத்தனை பேர் நின்றார்கள்?" என்று கேட்டேன்.

"ஆறு பேர்."

"ஒருவருக்காவது நீந்தத் தெரியுமா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அப்போதுதான் என் மகள் ஏரியில் விழுந்த கதையைச் சொன்னேன். வெட்கத்தில் அதுவரை வெளியில் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. பதினைந்து பேர் நின்று கத்தியதையும், பத்து வயதுப் பிள்ளை ஒன்று ஐஸ்கிறீமை வைத்துவிட்டு வந்து இழுத்துப்போட்டதையும் சொன்னேன். "அந்தப் பிள்ளை எங்களைவிடக் கெட்டிக்காரி இல்லை. ஐந்து வயதில் ஒருவர் அவளைக் கூட்டிப்போய்ப் பழக்கியிருக்கிறார், அவ்வளவுதான்," என்றேன்.

அவள் படிவத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள், தம்பி போனபிறகு வேலையிடத்தில் ஒருவர் ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னாராம், கறுப்பு ஆட்களுக்கு எலும்பு பாரம், மிதக்கமாட்டீர்கள், அது உங்கள் குற்றம் இல்லை என்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கப்பல் முழுக்க இரும்பு. அது மிதக்கவில்லையா? உன் ஊர் மீன்பிடிகாரர் மிதக்கவில்லையா?"

"மீனைப்போல நீந்துவார்கள்," என்றாள். கண்ணில் நீரும் வாயில் சின்னச் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "ஒரு நாள் கூட்டிவருகிறேன். பிள்ளை அழுதால் திரும்பிவிடுவேன்." கையெழுத்துப் போட்டாள்.

அப்படி வந்த ஒரு நாளில்தான் குளத்தில் எண்ணெய் மிதந்தது.

பிள்ளை அழவில்லை. ஆனால் அடுத்த கிழமை தொப்பி வில்லங்கம் வந்தது. அந்தக் குளத்தில் நீளமான முடி என்றால் நீச்சல் தொப்பி போடவேண்டும். வாசலில் வாங்கிய தொப்பியை அந்தப் பின்னல்களுக்கு மேலே நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து மாட்டினோம். டக்கென்று கழன்று பறந்துபோய் ஒரு தாத்தாவின் மடியில் விழுந்தது. பின்னலை அவிழ்த்துவிடலாமே என்று பின்னால் நின்ற ஒரு அம்மா யோசனை சொன்னார். ஆறு மணித்தியாலம் உட்கார்ந்து பின்னியதை! பாவம், அவருக்குத் தெரியாது. பிள்ளை அன்று பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு இருந்தாள். திரும்பும்போது டிராமில் மேல்வீட்டுக்காரி ஜன்னலைப் பார்த்தபடி, "இந்த இடம் எங்கள் தலைக்கு அளவெடுத்துச் செய்ததில்லை. இது போதும்," என்றாள்.

"அளவெடுக்கிறது என் தொழில்," என்றேன்.

நான் உடுப்புத் திருத்தும் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். பின்னேரங்களில் தமிழ்ப் பெண்களுக்குச் சாறிச் சட்டை தைப்பேன். எத்தனையோ பிடிவாதமான தோள்களுக்குத் தைத்தவளுக்கு ஒரு சின்னத் தலை பெரிய விஷயமா? பழைய நீச்சலுடைகள் இரண்டை வெட்டினேன். முதல் தொப்பி தையல் விட்டுக் கிழிந்தது. இரண்டாவதுக்குள் தண்ணீர் புகுந்து பலூன்மாதிரி ஊதி, பிள்ளை சிரித்துச் சிரித்துத் தண்ணீரைக் குடித்துவிட்டாள். மூன்றாவதில் பின்பக்கம் ஒரு பை வைத்து, கழுத்தடியில் அகலமாக இலாஸ்டிக் கொடுத்தேன். பின்னல் எல்லாம் அதற்குள் சுருண்டு படுத்துக்கொண்டது. ஆசிரியை பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, இன்னொன்று தைத்துத் தர முடியுமா, போன வருடம் ஒரு பிள்ளை இதனாலேயே நின்றுவிட்டது என்று கேட்டார். அந்தச் செய்தி மேல்வீட்டுக்காரியின் சேர்ச்சுக்குப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு அம்மாமார் பிள்ளைகளோடு என் வீட்டுக்கு வந்து தலைக்கு அளவு கொடுத்தார்கள். என் கணவர் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். தண்ணீர்ப் பக்கமே போறேல்லை என்ற கதையை அவர் அன்றைக்கு எடுக்கவே இல்லை.

பிள்ளைகள் இருவரும் மிதக்கப் பழகினார்கள், காலடிக்கப் பழகினார்கள். ஆனால் மேல்வீட்டுப் பிள்ளை முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைக்கமாட்டாள். கழுத்தை வாத்துமாதிரி நீட்டிக்கொண்டே நீந்துவாள். ஏன் என்று ஒரு நாள் என் மகள்தான் எனக்குச் சொன்னாள்.

"கீழ அவளின்ர மாமா இருக்கிறாராம் அம்மா. தண்ணி அவரை வச்சுக்கொண்டிருக்காம். காலைப் பிடிப்பாராம்."

நான் அதை மேல்வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளைக்கு மூன்று வயதாக இருக்கும்போது, படத்தில் இருக்கும் மாமா எங்கே என்று கேட்டதற்கு, தண்ணீர் அவரை வைத்துக்கொண்டது என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளை ரைன் பக்கம் ஓடாமல் இருக்கட்டும் என்று அதைத் திருத்தாமலும் விட்டிருக்கிறாள். நான் மட்டும் என்ன திறம்? தண்ணிக்குள்ள பேய் இருக்கு என்று சொல்லித்தானே என் மகளை வளர்த்தேன். என் பேய்க்குப் பெயரும் இல்லை, முகமும் இல்லை. என் மகள் நாலாவது நீச்சல் வகுப்போடு அதை மறந்துவிட்டாள். அந்தப் பிள்ளைக்கோ மாமாவின் முகம் ஒவ்வொரு நாளும் சுவரில் தெரிந்தது.

பரீட்சை நாள் வந்தது. ஓரத்திலிருந்து குதிக்கவேண்டும், குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நீந்தவேண்டும், தோளளவு தண்ணீரில் கிடக்கும் ஒரு வளையத்தைக் கையால் எடுத்துவரவேண்டும். மூன்றும் செய்தால் கடற்குதிரை போட்ட ஒரு துணிச் சின்னம் கிடைக்கும், நீச்சலுடையில் தைத்துக்கொள்ளலாம். அன்று மட்டும் பெற்றோரைக் குளத்தடிக்கு விட்டார்கள். சப்பாத்துக்கு மேலே நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றோம். என் மகள் குளம் அதிரக் குதித்து, மூச்சுவாங்க நீந்தி, வளையத்தைத் தூக்கிக் காட்டினாள். "வாடி என்ர குஞ்சு!" என்று நான் போட்ட சத்தத்துக்கு ஆசிரியை விசிலைத் தொட்டார்.

மேல்வீட்டுப் பிள்ளை குதித்தாள். நீந்தினாள். வளையத்துக்கு மேலே வந்ததும் நின்றுவிட்டாள். தண்ணீருக்கு அடியில் அது சிவப்பாகத் தெரிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, தாயைப் பார்த்தாள். பயம் என்றால் அடுத்த முறை செய்யலாம் என்றார் ஆசிரியை. மேல்வீட்டுக்காரி என் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியில் என் மோதிரம் விரலை அறுத்தது. அவள் வேண்டாம் என்று ஒரு தரம் தலையாட்டினால் போதும், பிள்ளை ஏறிவிடுவாள், அதற்குப் பிறகு ஒரு நாளும் இறங்கமாட்டாள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கடவுளே, இவள் தலையாட்டக்கூடாது என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன்.

அவள் என் கையை விட்டுவிட்டு, குளத்தின் ஓரத்தில் ஈரத்திலேயே முழந்தாளிட்டாள்.

"போ," என்றாள். "போய்ப் பார்த்துவிட்டு வா."

பிள்ளை மூச்சை இழுத்தாள். நான் தைத்த தொப்பி தண்ணீருக்குள் போனது. மேல்வீட்டுக்காரி உதட்டை அசைத்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். நாலு. ஐந்து. தண்ணீர் பிளந்தது. முதலில் வளையம் வந்தது, பிறகு கை, பிறகு மூக்கால் தண்ணீர் ஒழுக ஒழுக முகம்.

"மாமா அங்கே இல்லை, அம்மா!" என்று கத்தினாள். "கண்ணைத் திறந்துகொண்டு எல்லா இடமும் பார்த்தேன். வளையம் மட்டும்தான் கிடந்தது."

மேல்வீட்டுக்காரி அவளைத் தண்ணீரோடு அப்படியே வாரி எடுத்தாள். அழுதாள், சிரித்தாள், மகளின் ஈரத் தொப்பியை முத்தமிட்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை. ஆசிரியை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எழுத ஒன்றும் இல்லாதபோதும் பலகையில் ஏதோ எழுதினார்.

கொஞ்ச நேரத்தில் மேல்வீட்டுக்காரி எழுந்து, நனைந்த காற்சட்டையோடு அவரிடம் போனாள். பெரிய ஆட்களுக்கு வகுப்பு இருக்கிறதா என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் இருக்கிறது என்றார் ஆசிரியை.

"அப்படியென்றால் இரண்டு பெயர் எழுதுங்கள்," என்று சொல்லி, தன் பெயரையும் என் பெயரையும் கொடுத்தாள்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.